கவிஞரின் கதவு எண்

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள். பால்டிமோரில் நடந்தது இது. நோரீன் செய்தது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

சனிக்கிழமைதோறும் நோரீன் ஊர் சுற்றிக் காட்டுவாள். எழுத்தாளர் பிறந்த வீடு, எழுத்தாளர் குடித்துக் கெட்ட கடை என்று இருபது பேரைப் பின்னால் நடத்திக்கொண்டு போவாள். எல்லோரும் ஆவலாகப் படம் எடுக்கிற இடம் டில்மன் தெரு 114. கதவோரம் ஒரு வெண்கலப் பலகை. ‘கவிஞர் லெமுயல் தார்ன் இங்கே வாழ்ந்தார்.’

இப்போது அங்கே வாழ்கிறவள் எலோயிஸ். வயது எழுபத்தெட்டு. வாசலில் வெள்ளைச் சலவைக்கல் படியில் உட்கார்ந்து, வருகிறவரை எல்லாம் ‘கண்ணு’ என்பாள். அந்த ஊரில் நீதிபதியும் கண்ணுதான், பால்காரனும் கண்ணுதான்.

கார் நிறுத்தும் கட்டடம் கட்டுவதற்காக ஒரு கம்பெனி அந்த வரிசையை முழுக்க வாங்கி, மற்ற வீடுகளை எல்லாம் இடித்துவிட்டது. எலோயிஸ் வாடகைக்கு இருந்த வீடு மட்டும் கிழவி வாயில் ஒற்றைப் பல் மாதிரி நின்றது. பலகை உள்ள வீட்டைத் தொடக்கூடாது என்று சட்டம்.

இந்த நேரம் பார்த்து நோரீன் நூலகத்தில் ஊரின் பழைய விலாசப் புத்தகம் ஒன்றைப் புரட்டினாள். கவிஞர் இருந்தது 114தான். ஆனால் அவர் செத்து ஐந்து வருஷம் கழித்து ஊர் முழுக்கக் கதவு எண்ணை மாற்றியிருக்கிறார்கள். அன்றைய 114 வேறு, இன்றைய 114 வேறு. பலகை மாட்டியவர்கள் எண்ணைப் பார்த்தார்களே தவிர, வருஷத்தைப் பார்க்கவில்லை.

நோரீனுக்குப் பொய் வராது. பலகை தவறான வீட்டில் இருக்கிறது என்று பழைய கட்டடங்களைக் காக்கும் பாரம்பரியக் குழுவுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டாள். பதில் வந்த பிறகுதான் செய்தது என்னவென்று உறைத்தது. வியாழக்கிழமை விசாரணை. பலகை போனால் மறு வாரமே இடிக்கிற இயந்திரம் வரும்.

தபால்காரர்கூட அவளைத் திட்டினார். உண்மையை வைத்துக்கொண்டு உலையா வைக்கப் போகிறாய், ஒரு கிழவியின் கூரையைப் பிடுங்கிவிட்டாயே என்றார்.

நோரீன் ஓடிப் போய் எலோயிஸிடம் அழுதாள். எலோயிஸ் ஒரு வார்த்தை வையவில்லை. காபி கொடுத்துக் குடிக்கவிட்டுக் கேட்டாள்:

‘‘அப்போ அந்த மனுஷன் நிஜமா எந்த வீட்டுல இருந்தார் கண்ணு?’’

பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று ஒரு பட்டியல் உண்டு, இன்னும் பார்க்கவில்லை என்றாள் நோரீன்.

‘‘பார்த்துட்டு என்கிட்ட மட்டும் சொல்லு.’’

மறுநாள் வந்து சொன்னாள். அதே தெருதான், மேட்டுப் பக்கம், 342. எலோயிஸ் அந்த எண்ணை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, உன் வீட்டில் திருப்புளி இருக்கிறதா என்று கேட்டாள். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நோரீன் பயந்தாள்.

வியாழக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. குழுத் தலைவர் வின்ஸ்லோ. ஜன்னலுக்கு வேறு சாயம் அடிக்க அனுமதி கேட்டவனை ஒரு வருஷம் அலையவிட்ட மனிதர். இங்கே இரக்கத்துக்கு இடமில்லை, ஆவணம் சொல்வதுதான் முடிவு என்று தொடங்கினார். அந்தம்மா ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்றும் கேட்டு வைத்தார்.

எலோயிஸ் எழுந்தாள். அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளோ பையிலிருந்து அந்த வெண்கலப் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தாள். தானே கழற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

‘‘அடுத்தவங்க சாமான் எனக்கெதுக்கு? உரியவங்க வீட்டுல மாட்டிடுங்க.’’

கட்டடக் கம்பெனி வக்கீலுக்கு வாயெல்லாம் பல். நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த நேர்மை ஊருக்கே பாடம் என்று வின்ஸ்லோ மெச்சினார். அந்த உரிய வீடு எது என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

‘‘சொல்லு கண்ணு’’ என்று நோரீனைத் தட்டினாள் எலோயிஸ்.

‘‘டில்மன் தெரு 342.’’

வின்ஸ்லோவின் பேனா காகிதத்தில் இறங்கவில்லை. எலோயிஸ் அவர் பக்கம் திரும்பினாள்.

‘‘உன் வீடுதானே கண்ணு அது? உங்கம்மா காலத்துல அந்தப் படியை நான்தான் தேய்ச்சுக் கழுவுவேன்’’ என்றாள் எலோயிஸ். ‘‘முன் சுவரை இடிச்சுக் காருக்கு இடம் பண்றியாமே. இதை மாட்டிட்டா அப்புறம் அந்தச் சுவரைத் தொட முடியாதுல்ல?’’

வின்ஸ்லோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நோரீன் கொண்டுவந்திருந்த விலாசப் புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், கவிழ்த்துப் பிடித்தார். அச்சு மங்கலாக இருக்கிறது என்றார். அந்தக் காலத்துப் புத்தகங்களில் பிழை மலிந்திருக்கும் என்றார். இத்தனை காலம் ஊர் நம்பி வந்ததும் ஓர் ஆவணம்தான், அதனால் பலகை 114லேயே இருக்கட்டும் என்றார்.

அச்சு எங்கே மங்கியிருக்கிறது என்று கேட்க நோரீன் வாயைத் திறந்தாள். மேசைக்கடியில் எலோயிஸ் அவள் காலை நன்றாக மிதித்தாள். பொய் வராத பெண் அன்றைக்கு உண்மையையும் விழுங்கிக்கொண்டாள்.

எலோயிஸ் பலகையைப் பைக்குள் போட்டாள். கிளம்பவில்லை. ஒரு வெள்ளைத் தாளை வின்ஸ்லோ முன்னால் தள்ளினாள்.

‘‘இப்போ சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு கண்ணு. எண்ணே மாறுற ஊரு இது, எண்ணம் மாறாதா?’’ என்றபடி பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.