ஆராதனை நேரம்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பாட்டுக்காரியைப் பார்த்ததும் ஆறுதல் அக்கா பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

உள்ளே கணவர். குடலில் ஓட்டை. நாலைந்து நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த மனுஷனுக்கு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணி, பொறுத்துக்கோங்க, கஷ்டம் வர்றதே நம்ம விசுவாசம் வளரத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தது அக்காதான். இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குப் பேச்சே வராமல் போனபிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அவர் பிழைப்பாரா என்று அவள் திருப்பிக் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆறுதல் அக்கா என்பது சபையில் வைத்த பெயர். ஒரு வீட்டில் சாவு, நோவு, வேலை போச்சு என்றால் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஆஜராகிவிடுவாள். உபத்திரவம் ஆண்டவர் நடத்துற பள்ளிக்கூடம் என்பாள். பிரியமானவங்களைத்தான் அவர் புடம் போடுவார் என்பாள். அழுகிறவர்கள் மரியாதைக்காவது அழுகையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தும்வரை அக்காவும் விடமாட்டாள்.

அதற்கு மசியாத ஒரே ஆள் இந்தப் பாட்டுக்காரிதான். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள். ஒரே பையன், காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாளே அக்கா போய், ஆண்டவர் உன்னைப் புடம் போடுறார், சந்தோஷப்படு என்றாள். பாட்டுக்காரி எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு சபைக்கு வருவதும் நின்றது. பரீட்சையில தோத்துட்டா, விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப் போயிட்டா என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டாள்.

இப்போது அவளே நேராக நடந்து வருகிறாள்.

சொல்லிக்காட்டத்தான் வருகிறாள் என்று அக்காவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உங்களையும் புடம் போடுறாராக்கா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். பையில் எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

பாட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே யார் என்று மட்டும் கேட்டாள். அக்கா சொன்னாள்.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் வேகமாக வெளியே ஓடினாள். போன வேகத்தில் ரத்தப் பையோடு திரும்பி ஓடினாள். என்னம்மா ஆச்சு என்று அக்கா எழுவதற்குள் கதவு மூடிவிட்டது.

அக்கா மறுபடி உட்கார்ந்து ஒரு வசனத்தை நினைக்கப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் வாரி வாரிக் கொடுத்தவளுக்கு, தனக்கென்று கேட்டபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"நீயாவது ஒரு வசனம் சொல்லேன்" என்றாள்.

"வேண்டாங்க்கா. அழணும்னா அழுங்க. நான் எங்கேயும் போகலை."

அவ்வளவுதான். அத்தனை நேரம் கட்டிவைத்திருந்தது உடைந்து போனது. நான்தான் அவரைக் கொன்னுட்டேன், வலிக்குது வலிக்குதுன்னு சொன்னாரே, நான்தான் கேட்காம விட்டுட்டேன் என்று அக்கா வாய்விட்டு அழுதாள். பாட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவே இல்லை.

எவ்வளவு நேரம் போனதோ, டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

"கண்டம் தாண்டியாச்சும்மா. கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் கையை விரிச்சிருப்போம்."

அக்காவுக்கு உயிர் திரும்பியது. உயிர் திரும்பியதும் பழைய அக்காவும் கூடவே திரும்பிவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பார்த்தியா, உன்னை மறுபடி சேர்த்துக்கத்தான் ஆண்டவர் இன்னைக்கு உன்னை இங்கே கூட்டிட்டு வந்திருக்கார், அடுத்த ஞாயித்துக்கிழமை நீயும் சபைக்கு வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஆண்டவர் செஞ்சதைச் சாட்சியாச் சொல்லுவோம் என்றாள்.

பாட்டுக்காரி லேசாகச் சிரித்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில வர முடியாதுக்கா."

சொல்லிவிட்டு எழுந்தாள். எதிர்ப்பக்கத்தில், சட்டையெல்லாம் ரத்தக்கறையோடு ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. கதவருகே நின்ற காவலாளியிடம் புலம்பினாள். பெத்த பிள்ளை போன கோபம் அவளுக்கு ஆண்டவர்மேல் இன்னும் தீரவில்லை, சபைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, கல் மனசாகிவிட்டாள் என்றாள்.

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோபமான்னு எனக்குத் தெரியாதும்மா. ஞாயித்துக்கிழமை காலை ஆச்சுன்னா இங்கே வந்துடுவாங்க. தனியா உட்கார்ந்திருக்கிறவங்க யாருன்னு பார்த்துத் துணைக்கு இருப்பாங்க. ஏம்மா இந்த நேரமாப் பார்த்து வர்றீங்கன்னு நானும் ஒருநாள் கேட்டேன். அவங்க பையன் உயிர் போனது ஒரு ஞாயித்துக்கிழமை காலையிலதானாம். துணைக்கு இருக்க வேண்டியவங்க எல்லாரும் அப்போ சபையில ஆராதனையில இருந்தாங்களாம்."