கோமளா ஒதுக்கிய பதினொன்று

ஓசூர் தொழிற்சாலையில் கோமளாவுக்கு ஒரே வேலைதான். மயிரிழையை விடச் சற்றே தடித்த, உள்ளீடற்ற கண்ணாடி இழையில் வாயுவை நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, லேசர் கருவிக்குள் பொருத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதில் பிறக்கும். அந்த ஒளியின் குறுக்கே ஊதினால், ஊதியவர் உடம்பில் நோய் இருந்தால் திரையில் சிவப்புக் கோடு, இல்லையென்றால் பச்சை. பொருத்தியவரே முதலில் ஊதிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அன்று காலையிலிருந்து எதில் ஊதினாலும் சிவப்புக் கோடு. வாயுவில் ஈரத்தைக் கலக்க விட்டுவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கருவிகளை ஒவ்வொன்றாகக் கழிவுக் கூடையில் போட்டாள். மதியத்துக்குள் பதினொன்று சேர்ந்துவிட்டது.

சூப்பர்வைசர் தனசேகர் கடுகடுவென்று வந்தார். கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, வாய்க்குழாயை மாற்றி ஊதினார். பச்சை. அடுத்ததும் பச்சை. பதினொன்றும் பச்சை.

"அப்பாடா! என் வேலையில கோளாறு இல்ல சார்," என்று கோமளா சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கருவியில கோளாறு இல்லம்மா. எல்லாத்துலயும் பாஸ் ஸ்டிக்கர ஒட்டிட்டுக் கெளம்பு. நல்லதா ஒண்ண மட்டும் தனியா எடுத்து வை, நம்ம கேட்டுக்கு வேணும். நாளையிலேர்ந்து எல்லாரும் ஊதிட்டுத்தான் உள்ள வரணும்."

பதினொன்றில் எது துளி பிசகாமல் அமைந்தது என்று அவள் கைக்குத் தெரியும். அதையே எடுத்து வைத்தாள்.