கதவைத் தட்டிய கெண்டைகள்

யார் தட்டினாலும் “வீட்ல ஆள் இல்லை” என்று உள்ளேயிருந்தே பதில் சொல்லும் கவிஞர் திருமேனி, அன்று காலை கதவைத் திறந்துவிட்டார். தட்டியவை சினைக் கெண்டைகள். பின்பக்கத்து ஏரி நிரம்பி வழிந்த புதுவெள்ளம் கொல்லைக் கதவின் அடியில் புகுந்து, கூடத்தைக் கடந்து தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முட்டையிடுவதற்காகக் கெண்டைகள் அதை எதிர்த்துத் தெருவிலிருந்து ஏறி வந்திருந்தன. பின்னாலேயே கூடையோடு வந்தான் எதிர்வீட்டுக் காத்தமுத்து.

“ஐயா, செத்த நகருங்க. அடுப்புல புளி கொதிக்குது.”

கவிஞர் வேட்டியை மடித்துக் கட்டி வாசலை மறித்தார். “பிரசவத்துக்குப் போறவங்க மேல கை வைக்காதய்யா.”

“எங்கிட்டுப் போகும்? உங்க கொல்லைக் கதவுதான் சாத்திக் கிடக்கே.”

கவிஞர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கதவடியில் கெண்டைகள் குவிந்து துள்ளின. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தார்; துருப்பிடித்திருந்தது, அசையவில்லை. “கொஞ்சம் கை குடேன்” என்றார். அப்படிக் கேட்டது தான்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“எம் பொண்டாட்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்” என்று கூடையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான் காத்தமுத்து. இருவருமாக இழுத்தார்கள். தாழ்ப்பாள் கழன்றதும் வெள்ளம் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்தது. கெண்டைகள் மடியிலும் தோளிலும் ஏறித் தாவிப் போயின.

“இன்னும் வருதுங்கய்யா” என்று வாசலைக் காட்டிச் சிரித்தான் காத்தமுத்து.

கவிஞர் காலை மடக்கி வழிவிட்டார்.