ரெண்டு மணிப் போன்

"இந்த பெட்ஷீட்டை நேத்து சாயங்காலம் நாந்தானுங்க விரிச்சேன். இப்ப இதுலயே நான் எப்பிடி உக்கார்றது?"

அமுதவல்லி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தாள். ஏற்காட்டில் அந்த ரிசார்ட்டில்தான் அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. மூன்று வருடமாக அவள் விரித்துப் போட்ட கட்டில்களில் ஒன்றில்கூட அவள் உட்கார்ந்தது கிடையாது. இன்றைக்கு அவளே கெஸ்ட்.

"கம்பெனி குடுத்த ரூமு. நல்லாவே உக்காரு" என்றான் அவள் கணவன் அன்பழகன்.

கதவைத் தட்டிவிட்டு, அவளோடு வேலை பார்க்கும் ஜோஸ்லின் டீத் தட்டோடு வந்தாள். "மேடம், வேற ஏதாச்சும் வேணும்னா போன்ல ஒன்பதை அமுக்குங்க மேடம்" என்றாள், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

"போடி."

"ஏனுங்கண்ணா, தூங்குனதுக்கெல்லாமா உங்க கம்பெனில பரிசு குடுக்கறாங்க? இவ இங்க நின்னுக்கிட்டே தூங்கி விழறா, இவளுக்குத் திட்டுத்தான் கெடைக்குது" என்று சொல்லிவிட்டு ஜோஸ்லின் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஓசூரில் அன்பழகன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இரண்டு பேர் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார்கள். அதற்கப்புறம் எல்லோர் கையிலும் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டார்கள். யார் எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்று அது கம்பெனி டாக்டருக்குச் சொல்லிவிடும். இந்த மூன்று மாதத்தில் யாருக்குத் தூக்கம் நன்றாகக் கூடியிருக்கிறது என்று பார்த்ததில் அன்பழகன்தான் முதல். பரிசு, குடும்பத்தோடு இரண்டு நாள் மலையில் தங்கல். எந்த மலை என்று பார்த்தால் ஏற்காடு. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் வெள்ளக்கடை ரோடு. அதில் அரை மணி நேரம் நடந்தால் அவர்கள் வீடு.

"திங்கக்கெழம போயே ஆகோணுமா?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"செகண்டு ஷிப்டு. போயாகோணும்."

கல்யாணமாகி ஒன்றரை வருடம். பொங்கலுக்கு மூன்று நாள், மாமா செத்ததற்கு ஒரு நாள் என்று அவன் வந்து போனதெல்லாம் விருந்தாளிக் கணக்குத்தான். வெறும் இரண்டு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அவன் முகத்தையே பார்த்தாள். பொங்கலுக்கு வந்தபோது கண்ணுக்குக் கீழே அப்பியிருந்த கறுப்பு இப்போது இல்லை. அது அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது."

"சொல்லு."

"தெனமும் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்றனில்லீங்க?"

"ஆமா. காட்டெருமை தோட்டத்துல பூந்துருச்சு, கூரை ஒழுகுது, மாடு கன்னு போட்டுருச்சுன்னு."

"அத்தனையும் பொய்யிங்க."

"ஒரே மாசத்துல ஒரே மாடு ரெண்டு தடவ கன்னு போட்டப்பவே தெரியும்."

அமுதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஜோஸ்லினோட தம்பி பென்னி உங்க கம்பெனிதானே. அவன் தூங்கறதே இல்லைன்னு வாட்ச்சு போட்டுக் குடுத்துருச்சாம். சம்பளத்தோட பதினஞ்சு நாள் ஊட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். அதைக் கேட்டதுல இருந்துதான் ஆரம்பிச்சேன். உங்க தூக்கத்தக் கெடுத்தா உங்களையும் அனுப்பிருவாங்கன்னு."

அவன் டீத் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அலாரம் வெச்சு எந்திரிப்பேன். நாள் பூரா நின்னு வேலை செஞ்ச மனுசனை இப்பிடி எழுப்பறமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கும். நீங்களும் மொத மணியிலயே எடுத்துருவீங்க. போடின்னு ஒரு நாளாச்சும் திட்டியிருந்தா விட்டிருப்பேன். நீங்க சொல்லு, சொல்லுன்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்க. பாவம், தூக்கம் கெட்டுருச்சு, இந்த வாரம் எப்பிடியும் வந்துருவாருன்னு நெனச்சுக்கிட்டுப் படுப்பேன். நீங்க என்னடான்னா நல்லா தூங்குனதுக்குப் பரிசு வாங்கிட்டு வந்து நிக்கறீங்க, ரெண்டே ரெண்டு நாளைக்கு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வாட்ச்சு ஒழுங்கா ஓடுதான்னு மொதல்ல பாருங்க."

"வாட்ச்செல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது" என்றான் அன்பழகன். "ஷிப்டு முடிஞ்சு ரூமுக்கு வரப் பன்னெண்டு ஆயிரும். படுத்தா அந்த மெஷின் சத்தம் காதை விட்டுப் போகாது. நாளைக்கு எத்தனை பீஸ் கொறையுமோன்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும். விடிய விடியப் புரண்டுக்கிட்டுக் கெடப்பேன். நீ கூப்புட ஆரம்பிச்சப்பறந்தான் நொம்ப நாள் கழிச்சு நான் தூங்குனேன். உங்கிட்டப் பத்து நிமிசம் பேசிட்டுப் படுத்தா, காலைல பத்து மணிக்குத்தான் முழிப்பே வரும்."

அமுதவல்லிக்கு அழுகை நின்றுவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தோன்றியது. "அப்ப அதுக்கு முன்னால, தூக்கமில்லாம கெடந்தப்ப, அந்த டாக்டரு ஒண்ணும் சொல்லலீங்களா?"

அன்பழகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இப்பிடியே தூக்கமில்லாம இருந்தா மாசக் கடைசில ஒரு மாசம் முழுசா லீவுல போன்னு எழுதியே குடுத்துட்டாரு. திடீர்னு உன் முன்னால வந்து நிக்கலாம்னு உங்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தேன்" என்றான். "அந்த வாரந்தான் நீ மொத போன் பண்ணுனே."