வலது பக்கம் மட்டும்

"கையைத் தூக்குங்க அண்ணி. இன்னும் கொஞ்சம்."

"இவ்வளவுதான் வரும்."

"தோள் வரைக்கும்கூட வரலையே! பித்தப்பையில கல்லுன்னுதானே ஆபரேஷன் பண்ணினாங்க? கல் வயித்துல இருந்துச்சா, கக்கத்துல இருந்துச்சா?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் நாத்தனார், வாயில் நான்கு குண்டூசிகளோடு நின்றிருந்தாள். ஊசி இருந்தாலும் அந்த வாய் ஓயாது. சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே 'வானொலி'. காலையில் அவள் காதில் விழுந்த சேதி, மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்றுவிட்ட சித்தப்பா வீடு வரை போய்விடும்.

நாத்தனாரை அழைத்து வந்தது அவள் கணவர்தான். "திங்கட்கிழமை வங்கிக்குப் போகணும்ங்கற, ஜாக்கெட் எல்லாம் தொளதொளன்னு இருக்குங்கற. தையல்காரியை வீட்டுல வச்சுக்கிட்டு எதுக்குக் கவலை?" என்றவர், தங்கையை மெஷினோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே நழுவிவிட்டார்.

அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். பித்தப்பையில் கல் எதுவும் இல்லை. வலது மார்பை எடுத்துவிட்டார்கள்.

வங்கியில் அவளுக்குப் பணம் வாங்கும் கவுண்டர். நாள் முழுக்க யாராவது நேர் எதிரே நின்றுகொண்டே இருப்பார்கள். முதலில் பார்ப்பார்கள், பிறகு சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்குப் பயந்து வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருந்தாள். இப்போது வானொலிக்கும் தெரிந்துவிட்டால், திங்கட்கிழமை வரை காத்திருக்கவே வேண்டாம்.

"உள்ளே எதுக்குப் பனியன் போட்டிருக்கீங்க?"

"குளிருது."

"இந்த வெயில்லயா?"

நாத்தனார் இடது பக்கம் துணியைப் பிடித்தாள். விட்டாள். வலது பக்கம் பிடித்தாள். விரல்கள் அங்கேயே நின்றன. ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஜாக்கெட் லூஸ் இல்லை அண்ணி. வலது பக்கம் மட்டும்தான் லூஸ்."

"பிடிச்சுத் தைச்சுடேன்."

"பிடிச்சா, இழுத்துக்கிட்டு இன்னும் நல்லாத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இல்லாதது."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போனது. அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் சொன்னாரா?"

"அண்ணனா? அந்த வாயிலேர்ந்து கொட்டாவியைத் தவிர வேற எது வந்திருக்கு?"

"யார்கிட்டயும் சொல்லிடாதே. உன் கால்ல வேணா விழறேன்."

"விழாதீங்க. கீழே ஊசி கிடந்தாலும் கிடக்கும்." நாத்தனார் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "வீட்டுல கடுகு இருக்கா?"

"கடுகா?"

"தாளிக்கிற கடுகு. ஒரு டம்ளர் போதும்."

என்ன ஏது என்று புரியாமலே கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனார் ஒரு பழைய பருத்தித் துணியை வட்டமாக வெட்டினாள். இன்ச் டேப்பைத் தொடவே இல்லை. வெட்டியதை மடித்து, சுருக்கி, ஒரு சின்னப் பை தைத்தாள். பஞ்சைத் திணித்தாள்.

"பஞ்சு மட்டும் வச்சா, கையை அசைச்சதும் மெதுவா மேலே ஏறித் தோளுக்கு வந்துடும். அடியில கொஞ்சம் கனம் வேணும்."

கடுகைக் கொட்டி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். ஒரு சிட்டிகையைத் திரும்ப எடுத்து டம்ளரில் போட்டாள். ஜாக்கெட்டின் உள்பக்கம் லைனிங் துணியில் ஒரு பாக்கெட் வைத்தாள். மெஷின் நின்று நின்று ஓடியது.

"தையலை வெளிப்பக்கமா வச்சிருக்கேன். தழும்புமேல மடிப்பு பட்டா சாயங்காலத்துக்குள்ள நமநமன்னு அரிச்சுப் பிடுங்கும்."

அவளுக்குப் பயம் கொஞ்சம் விலகி, அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? வேற யாருக்காவது தைச்சிருக்கியா?"

"ஒருத்தருக்கு."

"யாரு?"

"அதைச் சொல்வேனா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வாய் ஒரு பெயரை விழுங்கி அவள் பார்த்ததே இல்லை.

"நம்ம சொந்தத்துலயா?"

"முதல்ல போட்டுப் பாருங்க."

"எனக்குத் தெரிஞ்சவங்களா? அதையாவது சொல்லேன்."

"இப்ப யாரு வானொலி? நீங்களா, நானா?"

போட்டுக்கொண்டாள். கொக்கிகளை நாத்தனாரே மாட்டிவிட்டாள். அவள் கண்ணாடி முன்னால் நேராக நின்றாள். பக்கவாட்டில் திரும்பினாள். நோட்டு எண்ணுவதுபோல் குனிந்து கைகளை அசைத்தாள். எதுவும் நகரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தன.

இன்னொரு முறை பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "திங்கட்கிழமை முதல் ஆளா நான்தான் போய் உட்காரப்போறேன்" என்றாள்.

"போங்க. ஆனா ஒண்ணு. துவைக்கும்போது பையை வெளியே எடுத்துடணும். மறந்து நனைச்சு வச்சீங்க, ரெண்டே நாள்ல முளைச்சுடும்."

"கடுகா? ஜாக்கெட்டுக்குள்ளயா?" ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது இப்போதுதான். "என்ன, அந்த ஒருத்தருக்கு முளைச்சுதாக்கும்?"

"முளைச்சுதே! வாளியில நனைச்சதை அப்படியே மறந்துட்டேன். எடுத்துப் பார்த்தா, பச்சையா எட்டிப் பார்க்குது." நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு இடது பக்கம் அண்ணி, நாலு வருஷமா முந்தானைதான் மறைச்சுக்கிட்டிருக்கு."