மூச்சுவிடாத இங்கிலீஷ்

"இதுக்குப் பேரு வாக்கியமா தம்பி? சொல்லுங்க, இதுக்குப் பேரு வாக்கியமா?"

ஆவுடையப்பன் தாளை மேசைமேல் அறைந்தார். மைக்கூடு துள்ளியது.

எதிரில் உட்கார்ந்திருந்த சொக்கு மைக்கூட்டை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆவுடையப்பன். திருமயத்திலிருந்து மாலைதோறும் வில்வண்டியில் சொக்குவின் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுக்கிறார். அப்பச்சி என்று சொக்கு கூப்பிடும் அவன் அப்பா அடைக்கப்பனுக்குப் பினாங்கில் கடை. கடைக்குப் போகுமுன் மெட்ரிகுலேஷன் எழுதப்போவதாக மகன் பிடிவாதம் பிடிக்கவே, அவர்தான் வாத்தியாரை ஏற்பாடு செய்தார்.

"பிகாஸ் தி டேங்க் வாஸ் டிரை. ஏன்னா கண்மாய் வத்திக் கெடந்துச்சு. சரி, அதனால என்ன ஆச்சு? பயிரு கருகுச்சா, மாடு செத்துச்சா? பிகாஸ்னு ஆரம்பிச்சு அங்கயே ஃபுல்ஸ்டாப் வச்சா, அது பாதி வாக்கியம். மீதி எங்க?"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்."

"என்னது?"

"சத்தமா..."

ஆவுடையப்பனின் முகம் சிவந்தது. முழங்கை தூரத்தில் இருப்பவனுக்கு இன்னும் என்ன சத்தம்?

"காதை அடகு வச்சிட்டீங்களா? இங்க பாருங்க அடுத்ததை! தி புல்லக் ரேன் தி மேன் ஃபெல் தி வீல் புரோக். மாடு ஓடுச்சு ஆளு விழுந்தான் சக்கரம் ஒடஞ்சுச்சுன்னு மூச்சுவிடாம எழுதினா, படிக்கிறவன் மூச்சு முட்டிச் சாக மாட்டான்? மூணும் தனித்தனி வாக்கியம். ஒவ்வொண்ணுக்கும் ஃபுல்ஸ்டாப் வைக்கணும். சேத்துத்தான் எழுதுவேன்னா, 'ஆண்ட்' போட்டுச் சேக்கணும். வெறும் கமா போட்டு ஒட்டக் கூடாது!"

அந்த வழியாக வந்த அடைக்கப்பன் சிரித்தார். "நல்லாக் கத்துங்க வாத்தியாரே. இவனுக்கு அப்பத்தான் ஒறைக்கும்."

ஆவுடையப்பன் நாள்தோறும் கத்தினார். தொண்டை கட்டிப்போனது. சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு வந்து மறுபடியும் கத்தினார்.

ஆச்சரியம் என்னவென்றால், சொக்கு எழுதிக்கொண்டு வரும் இங்கிலீஷ் மெல்ல மெல்லத் திருந்தியது. பாதி வாக்கியங்கள் முழுசாயின. மூச்சுவிடாத வாக்கியங்கள் நின்று நிதானமாக நடந்தன. ஆனால் வாயைத் திறந்து கேட்டால் மட்டும் அவன் திருதிருவென்று விழித்தான்.

பரீட்சை நெருங்கிய சமயம். ஆவுடையப்பன் ஒரு தாளை வாசித்து முடித்தார். தேடித் தேடிப் பார்த்தும் ஒரே ஒரு தப்புதான் இருந்தது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம் வந்தது.

"தம்பி, இந்த வாக்கியத்துல எழுவாய் எது?"

சொக்கு கூரையைப் பார்த்தான்.

"வினைச்சொல் எது? அதாவது தெரியுதா?"

"நீங்களே சொல்லிடுங்க சார். சத்தமா."

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யாருடா எழுதிக் குடுக்கிறா ஒனக்கு? நாலு பேருக்கு எழுத்தறிவிச்ச மனுஷன் நான். என்னை இங்கிட்டு வரவழைச்சு, கத்தவிட்டு வேடிக்கையா பாக்கறே?"

"யாரு எழுதினா என்னங்க சார்? அந்த ஒரு தப்பு என்னன்னு சொல்லிட்டுப் போங்க."

"இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். சொக்கு ஓடிப்போய் வண்டியை மறித்தான்.

"சார், கையெடுத்துக் கும்பிடுறேன். அதை மட்டும்..."

"'வென்'னு போட்டு ஆரம்பிச்சிருக்கான்!" ஆவுடையப்பன் வண்டியில் நின்றபடி தெருவே அதிரக் கத்தினார். "மழை வந்தப்போன்னு மட்டும் சொல்லிப்புட்டு ஃபுல்ஸ்டாப் வச்சா, வந்தப்போ என்ன நடந்துச்சுன்னு எவன் சொல்லுவான்? அதையும் சொல்லி முடிச்சாத்தான் வாக்கியம்! போடா!"

வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் அந்த ஊர்ப் பக்கமே வரவில்லை.

பரீட்சை முடிவு வந்த மறுவாரம், திருமயத்தில் அவர் வீட்டு முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கிய சொக்குவின் கையில் பழத்தட்டு. அவன் பின்னால் அவன் மனைவி சாலா, தலைகுனிந்து நின்றாள்.

"எதுக்கு வந்தே?" ஆவுடையப்பனுக்குக் கோபம் அப்படியே இருந்தது.

"மெட்ரிகுலேஷன் பாஸுங்க சார். இங்கிலீஷ்ல நல்ல மார்க்கு."

"பாஸா? எழுவாய் தெரியாத நீயா? எந்த மடையன் பேப்பரைத் திருத்துனான்? சரி சொல்லு, கமா மட்டும் போட்டு ரெண்டு வாக்கியத்தைச் சேக்கலாமா?"

சொக்கு பழத்தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"கூடாதுங்க சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஃபுல்ஸ்டாப் வைக்கணும். இல்லைன்னா கமாவோட 'ஆண்ட்' மாதிரி ஒரு சொல்லும் வேணும்."

ஆவுடையப்பன் நிமிர்ந்து சாலாவைப் பார்த்தார்.

"பொம்பளைக்கெல்லாம் வாத்தியார் வைக்க முடியாதுன்னு அப்பச்சி சொல்லிட்டாங்க சார்" என்றான் சொக்கு. "நீங்க கத்தினது அத்தனையும் உள்கட்டுக் கதவுக்குப் பின்னால ஒக்காந்து கேட்டா. பரிட்சைக்குத் திருச்சி போறப்ப, சமைச்சுப்போடன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். பரிட்சை எழுதினது நானில்லைங்க, எனக்குக் கட்டிவைக்கிறதுக்காகவே பள்ளிக்கூடத்துல நாலாம் பாரத்தோட படிப்பை நிறுத்தினாங்களே, இவ. தன் சொந்தப் பேர்லயே."