பத்து இலை புதினா

வைத்தியத்தைத் தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று கோழி மரகதத்துக்கு வாயைத் திறக்கவே பயம். ஆனால் வயிறு ஊதிக் கிடந்த வெள்ளாடு வீரபத்திரன் விடுவதாயில்லை.

"அக்கா, வயித்துக்கு நீங்க என்னமோ குடிச்சீங்களாமே?"

"புதினா டீ. பத்து இலையைக் கொதிக்கிற தண்ணியில போட்டு, மூடி வச்சு, ஆறவிட்டுக் குடிச்சேன். எனக்கு வாயு கலைஞ்சுது. உனக்கு எப்படியோ, தம்பி."

"எத்தனை இலை?"

"பத்துடா, பத்து!"

வீரபத்திரன் தலையாட்டிக்கொண்டே புதினாப் பாத்திக்குப் போனான். பத்தாவது இலையைப் பறிக்கும்போது வாசம் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு அடுப்பு ஞாபகம் எங்கே வரும்? பாத்தியையே மொட்டையடித்துவிட்டு, வயிறு இரண்டு மடங்காகித் திரும்பி வந்து விழுந்தான்.

"அக்கா, உங்க வைத்தியத்துல உயிர் போகுது!"

"கொதிக்க வச்சியாடா, பாவி?"

"உள்ளே போய்க் கொதிக்கட்டும்னு விட்டுட்டேன்."

மரகதம் போட்ட கூச்சலில் கால்நடை டாக்டரே ஓடிவந்தார். ஊசி போட்டபின் ஆடு எழுந்து நின்றது.

மறுநாள் காலையில் காக்கை ஒன்று வேலியில் வந்து உட்கார்ந்தது.

"அக்கா, ஒரே தலைவலி. புதினா டீ குடிச்சா..."

மரகதம் கோழிகளை அடைக்கும் பஞ்சாரக் கூடைக்குள் புகுந்து, அதைத் தானே தன்மேல் கவிழ்த்துக்கொண்டு, உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"மரகதம் ஊர்ல இல்லை!"